கிரவலுக்கும் குளக்கட்டுக்கும் எந்தச் சப்பாத்து? தட்டைப் பாதக்காரர் என்ன போடலாம்?

#1 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். பின்னேரங்களில் இரணைமடுக் குளக்கட்டில் ஓடுகிறேன். கட்டிலிருந்து இறங்கி, வாய்க்கால் கரையால் போய், வயலோரக் கிரவல் பாதையால் திரும்பி வருவேன். இதுவரை போட்டது தார் வீதியில் ஓடுகிற சாதாரணச் சப்பாத்து. அதன் அடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. கிரவலில் இறங்கும்போது சறுக்குகிறது. கூரான கல்லில் மிதித்தால் உள்ளங்காலில் நேரே குத்துகிறது. பெருவிரல் நகமும் கறுத்துவிட்டது.

புதிது வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். காலைப் பார்த்ததுமே, "உமக்குத் தட்டைப் பாதம். உள்பக்கம் இறுக்கமாகத் தாங்குகிற சப்பாத்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் முழங்கால் போய்விடும்" என்றார்கள். போட்டுப் பார்த்தேன். உள்ளங்கால் வளைவுக்குக் கீழே விறகுக்கட்டை வைத்தது போல இருந்தது. விலையும் தலையைச் சுற்ற வைத்தது. வாங்காமல் வந்துவிட்டேன்.

தட்டைப் பாதத்துக்கு அப்படித்தான் போட வேண்டுமா? ஒரே சோடியால் கிரவல், குளக்கட்டு, கொஞ்சம் தார் வீதி மூன்றையும் சமாளிக்கலாமா? இரண்டு சோடி வாங்க இப்போது வசதி இல்லை.

#2 பாலைமரத்தடி (மாங்குளம்)

தம்பி, காலைப் பிறகு பார்ப்போம். முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோக்களில் "ட்ரெயில்" என்று காட்டுவது மலை, பாறை, பைன் காடு. நமக்கு மலை கிடையாது. ஏற்றம் என்று சொல்லக்கூடியது குளக்கட்டில் ஏறுகிற அந்தச் சரிவு மட்டும்தான். ஆகவே மலைக்காகச் செய்த முரட்டுச் சப்பாத்து நமக்கு வீண் பாரம். நம்முடைய சிக்கல் வேறு: இறுகிய தரைக்கு மேலே உதிரியாகக் கிடக்கும் கிரவல் கல், கோடையில் முழங்கால்வரை புழுதி, மாரியில் சேறு, எந்தக் காலத்திலும் முள்.

கிரவலில் சறுக்குவது பல் இல்லாததால் மட்டும் நடப்பதில்லை. கீழே தரை கல்லாக இறுகியிருக்கும், மேலே கிடக்கும் சின்னக் கற்கள் உருளும். அங்கே ஆழமான பல் தரைக்குள் இறங்காது, பல்லின் நுனியில்தான் நிற்பீர்கள். அடியில் 3 முதல் 4 மி.மீ. உயரப் பற்கள் நெருக்கமாக இருந்தால் காணும். அதே சப்பாத்து தாரிலும் ஓடும். 6 மி.மீ.க்கு மேலே போனால் அது சேற்றுச் சப்பாத்து. தாரில் ஓடினால் கெதியாகத் தேயும், கால் தடக்கும்.

இன்னொன்று, அடியில் கல் தட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பாதத்துக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். உங்கள் உள்ளங்காலில் கல் குத்துவதற்கு அதுதான் மருந்து. உடைமுள் ஏறுவதையும் ஓரளவு தடுக்கும். தட்டு இல்லாத மெத்தென்ற சோலில் உடைமுள் எப்படி ஏறும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

#3 பஜார் சப்பாத்துக்கடை (வவுனியா)

நான் கடை வைத்திருக்கிறவன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி போன கடை என்னுடையது இல்லை 😀

ஆனால் அவர்கள் சொன்னது அடியோடு பிழை என்று தள்ளவும் வேண்டாம். உள்ளங்காலை நனைத்து, சீமெந்துத் தரையிலோ பழைய பேப்பரிலோ மிதித்துப் பாருங்கள். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே பாதி அகலத்துக்குத் தடம் விழுந்தால் நடுத்தர வளைவு. மெல்லிய கோடு மட்டும் விழுந்தால், அல்லது ஒன்றுமே விழாவிட்டால், உயர்ந்த வளைவு. முழுப்பாதமும் நிரம்பி விழுந்தால் தட்டை.

கால் தரையில் பட்டதும் பாதம் கொஞ்சம் உள்பக்கம் சாய்வது எல்லாருக்கும் உள்ளது, அதிர்ச்சியை வாங்க உடம்பு செய்கிற வேலை அது. தட்டைப் பாதக்காரருக்கு அந்தச் சாய்வு பெரும்பாலும் கூட. அதைக் குறைக்கத்தான் உள்பக்கம் கடினமான ஃபோம் வைத்த சப்பாத்துகள் வந்தன. உயர்ந்த வளைவுக்காரருக்கு மெத்தென்றது, நடுவில் உள்ளவருக்கு இரண்டுக்கும் இடைப்பட்டது. நாங்கள் காலம் காலமாகப் படித்துக் கொடுக்கிற பாடம் இது. பழைய சப்பாத்தின் அடியையும் கொண்டு வரச் சொல்லுவேன். உள்விளிம்பு தேய்ந்திருந்தால் ஒரு கதை, வெளிவிளிம்பு தேய்ந்திருந்தால் இன்னொரு கதை.

#4 எலும்பும்தசையும் (வவுனியா)

நான் இயன்மருத்துவர். அண்ணை சொன்ன பாடத்தை எங்களுக்கும் கற்பித்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தபோது பாடம் ஆட்டம் கண்டது.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை மூன்றிலும் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்குப் பாதத் தடத்தைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுத்தார்கள். மறு பகுதிக்குத் தடம் எப்படி இருந்தாலும் ஒரே வகைச் சப்பாத்து. 2009, 2010 அளவில் முடிவுகள் வெளிவந்தன. காயப்பட்டவர்களின் அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தடத்தைப் பார்த்துக் கொடுத்ததால் யாரும் தப்பவில்லை.

அடுத்தது டென்மார்க்கில், 2014-இல் வந்தது. புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கும் எந்தத் தாங்கலும் இல்லாத சாதாரணச் சப்பாத்துக் கொடுத்து ஒரு வருடம் பார்த்தார்கள். பாதம் உள்ளே சாய்கிறவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காயப்படவில்லை. 2022-இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு இந்த வகை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், பாத வகையைப் பார்த்துச் சப்பாத்துக் கொடுப்பதால் காயம் குறைவதாகத் தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லக்சம்பேர்க்கில் 372 பேரை வைத்துச் செய்து 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சாய்வைக் கட்டுப்படுத்துகிற சப்பாத்துப் போட்டவர்கள் குறைவாகக் காயப்பட்டார்கள். அந்தப் பலன் பாதம் கூடுதலாகச் சாய்கிறவர்களிடம்தான் தெரிந்தது. ஆகவே கதவு முழுதாக மூடப்படவில்லை. ஆனால் "இதைப் போடாவிட்டால் முழங்கால் போய்விடும்" என்று சொல்ல ஒருவரிடமும் ஆதாரம் இல்லை.

தம்பி, ஒன்று செய்து பாருங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு விரல் நுனியில் எழும்பி நில்லுங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்தால் அது இளகிய தட்டைப் பாதம். நோ இல்லாவிட்டால் அது ஒரு நோயே இல்லை, கால் அப்படி, அவ்வளவுதான். வளைவு தெரியவே இல்லை, அல்லது ஒரு கால் மட்டும் அண்மையில் தட்டையாகி உள்கணுக்காலில் நோகிறது என்றால் சப்பாத்துக் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

#5 பஜார் சப்பாத்துக்கடை (வவுனியா)

தங்கச்சி, ஆய்வு சரி. என்னிடம் வருகிற ஆக்கள் ஆய்வோடு வருவதில்லையே, நோவோடு வருகிறார்கள். தாங்கல் உள்ள சப்பாத்தைப் போட்டு நோ குறைந்தது என்று திரும்பி வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்ன சொல்ல?

#6 எலும்பும்தசையும் (வவுனியா)

நோ குறைந்தால் போடட்டும் அண்ணை, அதில் எனக்கு மறுப்பில்லை. போட்டவருக்குச் சுகமாக இருந்தது என்பதுதான் அங்கே விஷயம். பென்னோ நிக் என்ற கனேடியப் பேராசிரியரும் அவருடைய குழுவும் 2015-இல் சொன்னதும் அதுதான்: உடம்புக்கு அது விரும்புகிற ஓர் அசைவுப் பாதை உண்டு, அதைக் குழப்பாத சப்பாத்து சுகமாக இருக்கும். தம்பிக்கு விறகுக்கட்டை போல இருந்ததாம். அவருடைய கால் பதில் சொல்லிவிட்டது. அதே சப்பாத்து உங்களுடைய வாடிக்கையாளருக்குச் சுகம் என்றால் அவருக்கு அது சரி.

நோ வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது சப்பாத்தைப் பற்றி இல்லை. "போன மாதம் எவ்வளவு ஓடினீர்கள், இந்த மாதம் எவ்வளவு?" என்றுதான். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் ஒரேயடியாக ஓடித் தள்ளுகிறவர்கள்தான் அதிகம் வருகிறார்கள்.

#7 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

அக்கா, எழும்பி நின்று பார்த்தேன். வளைவு தெரிகிறது. நோவும் இல்லை, நகம் மட்டும்தான். பெரிய நிம்மதி.

அப்படியென்றால் பாதத்தைப் பார்க்கவே தேவையில்லையா?

#8 பி.ரீ. சேர் (மல்லாவி)

பார்க்க வேண்டும் தம்பி. வளைவைவிட அகலத்தைப் பாருங்கள்.

பாடசாலையில் ஓடுகிற பிள்ளைகளைப் பார்க்கிறவன் நான். சின்ன வயதில் வெறுங்காலோடும் பாட்டாச் செருப்போடும் வளர்ந்த கால் முன்பக்கம் விரிந்து நிற்கும், விரல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும். கடையில் இருக்கிற சப்பாத்தோ முன்னுக்குக் கூம்பியிருக்கிறது. நீளம் சரி என்று வாங்குவார்கள். ஓடினால் சின்னவிரல் ஓரம் கொப்புளிக்கும். அதற்காக ஓர் அளவு பெரிதாக எடுப்பார்கள். அப்போது குதி கழன்று தேயும். இரண்டு பக்கமும் நட்டம்.

வெறுங்காலும் தட்டைப் பாதமும் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. 1992-இல் ராவ், ஜோசப் என்ற இரு இந்திய மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதத் தடங்களைப் பார்த்தார்கள். பாதணி போட்டு வளர்ந்தவர்களில் 8.6 வீதமானோருக்குத் தட்டைப் பாதம், போடாமல் வளர்ந்தவர்களில் 2.8 வீதம். முன்பக்கம் மூடிய சப்பாத்துப் போட்டவர்களில்தான் கூட. இதைச் சொன்னதும் "அப்போ வெறுங்காலில் ஓடலாம்தானே சேர்" என்று பிள்ளைகள் தொடங்குவார்கள். அபெபே பிகிலா 1960-இல் ரோமில் வெறுங்காலோடு ஓடி மரதனில் தங்கம் எடுத்தார், உண்மை. நான்கு வருடம் கழித்து டோக்கியோவில் சப்பாத்துப் போட்டுக்கொண்டும் எடுத்தார். அதை யாரும் சொல்வதில்லை. ரோமில் ஓடியது நகரத்து வீதியில். நம்முடைய வயல் கரையில் நெருஞ்சியும் உடைமுள்ளும் போத்தல் ஓடும் கிடக்கின்றன. புல் மைதானத்தில் கொஞ்ச நேரம் வெறுங்காலில் ஓடட்டும், பாதத்தின் சின்னத் தசைகளுக்கு நல்லது. கிரவலுக்குப் போட்டுக்கொண்டு போகட்டும்.

கடையில் அகலம் பார்க்க இலகுவான வழி: சப்பாத்துக்குள் இருக்கிற மெத்தையை வெளியே இழுத்தெடுத்து, தரையில் வைத்து, அதன்மேல் ஏறி நில்லுங்கள். விரல்கள் மெத்தையை விட்டு வெளியே வழிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுடையது இல்லை. போட்டுப் பார்க்கிற நேரத்தையும் மிச்சம் பிடிக்கலாம்.

#9 பஜார் சப்பாத்துக்கடை (வவுனியா)

சேர் சொன்ன மெத்தை வேலையைக் கடைக்காரர்கள் விரும்ப மாட்டார்கள், ஆனால் செய்யுங்கள். பின்னேரத்தில் வாருங்கள், காலையில் இருந்ததைவிடக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது போடுகிற சொக்ஸையே போட்டு வாருங்கள். எழும்பி நின்றால் நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் நகத்தின் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதற்கு முன்னால் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவு இல்லாவிட்டால் பெரிய காலுக்கு எடுங்கள்.

#10 ஸ்காபரோ அண்ணை (கனடா, முன்பு புதுக்குடியிருப்பு)

இழையை முழுக்க வாசித்தேன். ஊருக்கு வருகிற ஆக்களிடம் சப்பாத்துச் சொல்லி விடுகிறவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன், ஏனென்றால் வந்த பிறகு "அளவு பிழை" என்று வருகிற தொலைபேசி அழைப்புகள் எனக்குக் காணும் காணும் என்றாகிவிட்டது.

"8 போடுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இலங்கையில் சொல்கிற 8 யூகே அளவு. இங்கே கடையில் இருப்பது யூஎஸ். ஆண்களுக்கு யூகே 8 பல நிறுவனங்களில் யூஎஸ் 9, அடிடாஸில் 8.5. பெண்களுக்கான யூஎஸ் எண் இன்னும் வேறு. ஆகவே செ.மீ. அனுப்புங்கள். சுவரோடு குதியை ஒட்டி, பேப்பரின்மேல் முழுப்பாரத்தையும் போட்டு நின்று, நீண்ட விரலின் நுனியில் அடையாளம் போடுங்கள். அகலமான இடத்தையும் அளந்து எழுதுங்கள். பாதம் அகலம் என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கே சில நிறுவனங்கள் ஒரே நீளத்தை இரண்டு மூன்று அகலங்களில் விற்கின்றன. ஆண்களுக்கு டீ என்பது சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ அதைவிட அகலம்.

பிறகு குதியின் உயரம். குதிக்குக் கீழே உள்ள சோல் முன்பாதத்துக்குக் கீழே உள்ளதைவிட எத்தனை மி.மீ. கூட என்று பெட்டியிலோ இணையத்திலோ போட்டிருப்பார்கள். சலமன் ஸ்பீட்குரோஸ் மாதிரிச் சப்பாத்துகளில் 10 அளவு இருக்கும், ஹோக்காவில் பெரும்பாலும் 4, 5. அல்ட்ரா என்ற நிறுவனம் பூச்சியத்தில் பெயர் எடுத்தது, முன்பக்கமும் விரல் விரித்து நிற்கிற அளவுக்கு அகலம். வன்னிக் காலுக்கு அல்ட்ரா அச்சொட்டாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் 10 மி.மீ.யில் ஓடிப் பழகிய கால் ஒரேயடியாகப் பூச்சியத்துக்குப் போனால் கெண்டைக்காலும் குதிநரம்பும் முறையிடும். முதலில் நடக்கப் போடுங்கள், பிறகு கிழமையில் ஒரு சின்ன ஓட்டம், அப்படியே கூட்டுங்கள்.

பெரிய தடித்த சோல் இப்போது இங்கே பாணி. தாரில் சுகம்தான். ட்ரக்டர் சில்லுத் தடம் காய்ந்து இறுகிய பாதையில் அவ்வளவு உயரத்தில் நின்றால் கணுக்கால் பிரளுவதற்கு நல்ல வாய்ப்பு.

#11 முருங்கன்களி (முருங்கன்)

எல்லாரும் கிரவலைப் பற்றியே கதைக்கிறீர்கள். எங்கள் பக்கம் மழை பெய்தபின் வந்து ஓடிப் பாருங்கள். முருங்கன் கறுப்புக் களி, கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே உள்ள வயல்நிலம். கோடையில் கை போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும், நனைந்தால் ஒட்டத் தொடங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கும் சப்பாத்தின் பாரம் ஏறும். நெருக்கமான சின்னப் பல் இருந்தால் களி இடையில் அடைத்து, பல்லே இல்லாத அடியாகிவிடும். களிக்குப் பல் ஆழமாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும், அப்போதுதான் ஓடும்போது உதறி விழும். 5, 6 மி.மீ. வேண்டும்.

இதே ஆழப் பல் சப்பாத்தோடு, குளத்து நீர் வழிகிற கலிங்கின் நனைந்த சீமெந்தில் கால் வைக்காதீர்கள். பாசி பிடித்த சீமெந்தில் பல் ஒன்றும் செய்யாது, ரப்பரின் தரம்தான் பிடிக்கும். வான் பாய்கிற நேரத்தில் அந்தப் பக்கம் போகாமல் விடுவதே புத்தி.

அப்புறம் கோர்ரெக்ஸ். தண்ணீர் புகாத சப்பாத்து என்று கூட விலைக்கு விற்பார்கள். நமக்கு வேண்டவே வேண்டாம். நம்முடைய மாரியில் தண்ணீர் பக்கத்தால் வராது, கணுக்காலுக்கு மேலால் வரும். வந்தது வெளியே போகாது. கோடையில் வியர்வையும் உள்ளேயே நிற்கும். வலைத்துணி போட்ட சப்பாத்து நனையும், ஆனால் ஓட ஓட வடிந்துவிடும். பருத்திச் சொக்ஸையும் விடுங்கள், நனைந்தால் அதுதான் கொப்புளம் போடும். செயற்கை இழைச் சொக்ஸ் போதும்.

#12 ஒட்டுசுட்டான் அக்கா (ஒட்டுசுட்டான்)

நானும் ஓடுகிறேன், அதனால் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

பெண்களுக்கான சப்பாத்து பொதுவாக ஒடுக்கமாகத்தான் செய்கிறார்கள். கடையில் அளவும் இரண்டு மூன்றுதான் இருக்கும், நிறம் மட்டும் ரோஸில் பத்து விதம். வயலில் நடந்து வளர்ந்த என் கால் அதற்குள் போகாது. ஆண்களுக்கான சின்ன அளவைப் போட்டுப் பாருங்கள், அகலம் சரிவரும். கடைக்காரர் "அது ஜென்ஸ்" என்பார். என்னட்டையும் சொன்னார்கள். சிரித்துவிட்டு அளவைக் கேளுங்கள்.

வயது போய்விட்டது என்று யோசிக்கிறவர்களுக்கு: முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா எழுபதைத் தாண்டிய வயதில், 2023-இல் பிலிப்பைன்ஸில் ஓடித் தங்கம் கொண்டுவந்தார். எங்கள் மாவட்டத்துக்காரர்.

சப்பாத்துக்கு வெளியே உள்ள விஷயம், இருந்தாலும் எழுதாமல் விட முடியாது. புதுப் பாதை தேடிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். ஆக்களும் மாடும் ட்ரக்டரும் நாளாந்தம் போகிற பாதையிலேயே ஓடுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புக் கண்ணிவெடிப் பலகை இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம். வெள்ளம் வடிந்தபின் மண் அரித்த இடங்களில் இரும்பு மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிஸுக்குச் சொல்லுங்கள். இருட்டு விலக முன்னரும் மாலை மங்கின பிறகும் யானை நடமாடும் பக்கங்களில் தனியாக ஓட வேண்டாம், காதில் பாட்டும் வேண்டாம். சுருட்டைப் பாம்பு புழுதி நிறத்திலேயே கிடக்கும், சப்பாத்து கணுக்காலுக்கு மேலே ஒன்றையும் காக்காது.

#13 பாலைமரத்தடி (மாங்குளம்)

அக்கா சொன்னதை இழையின் மேலே ஒட்டி வைக்க வேண்டும்.

#14 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

பல பேர் எழுதியிருக்கிறீர்கள், நன்றி. வவுனியாவுக்கு ஒரு வேலையாகப் போனபோது கடைகளில் ஏறி இறங்கினேன். மெத்தையை இழுத்து நின்று பார்த்ததில் பாதிக்கு மேலே கழிந்துவிட்டது, சேர் சொன்னது சரி. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று தாங்கல் இல்லாத ட்ரெயில் சப்பாத்து, பல் 4 மி.மீ., குதி உயரம் 6, கல் தட்டு உண்டு, முன்பக்கம் அகலம். மற்றது பெயர் பெற்ற நிறுவனம், பார்க்க நல்ல வடிவு, விலை குறைவு, ஆனால் சின்னவிரலில் கொஞ்சம் பிடிக்கிறது. "போடப் போட இளகும்" என்றார்கள். இளகுமா?

#15 எலும்பும்தசையும் (வவுனியா)

இளகாது. தோல் சப்பாத்துக் காலத்துக் கதை அது. இப்போதைய செயற்கைத் துணி கடையில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும். கடையில் பிடித்தால் பத்தாவது கிலோமீற்றரில் கடிக்கும்.

#16 பஜார் சப்பாத்துக்கடை (வவுனியா)

இதில் தங்கச்சியோடு முழுச் சம்மதம். பெயர் பெற்ற நிறுவனம், விலை குறைவு என்று சேர்த்துச் சொன்னீர்கள் பாருங்கள், அங்கே எனக்கு யோசனை. போலியாக இருக்கலாம். நாக்கின் உள்பக்கச் சீட்டில் அளவுகளோடு மாதிரி எண் இருக்கும், அது பெட்டியில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். இரண்டு காலுக்கும் ஒரே எண்ணாகவும் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தொலைபேசியில் தேடினால் அதே நிறச் சப்பாத்து வர வேண்டும். பசை ஓரத்தில் வழிந்திருந்தால் விடுங்கள்.

உண்மையான சப்பாத்தானாலும் நெடுநாள் கடையில் கிடந்ததென்றால் கவனம். சில சோல்கள் பொலியூரேதேனில் செய்தவை. நம்முடைய வெக்கையிலும் ஈரத்திலும் வருடக்கணக்கில் கிடந்தால் போடாமலே உதிரத் தொடங்கும். சோலை இரு பெருவிரலாலும் அழுத்துங்கள், மடித்துப் பாருங்கள். வெடிப்போ மாவு மாதிரி உதிர்வதோ இருந்தால் கழிவு விலைக்குக்கூட வேண்டாம்.

#17 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

சரி, முதலாவதையே எடுத்துவிட்டேன். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது கால் இன்னும் கொஞ்சம் முன்னுக்குப் போகிறது. நீளத்தில் இடம் இருக்கிறது. நகம் திரும்பவும் கறுக்குமோ என்று பயம்.

#18 பி.ரீ. சேர் (மல்லாவி)

லேஸ் கட்டுகிற விதத்தில் சரிப்படுத்தலாம். சப்பாத்தின் மேல் ஓரத்தில், கணுக்காலுக்குக் கிட்ட, யாரும் பாவிக்காத ஒரு துளை கூடுதலாக இருக்கும். லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்து மேல்துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விட்டுச் சின்ன வளையம் ஒன்று விடுங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துப் பிறகு முடிச்சுப் போடுங்கள். குதி பின்னுக்கு இறுகி நிற்கும், முன்பாதம் நசியாது. விரல்பக்கத்துத் துளைகளில் லேஸ் தளர்வாகவே இருக்கட்டும். நகத்தை நேராக, குட்டையாக வெட்டுங்கள்.

#19 வாய்க்கால்கரை (துணுக்காய்)

கழுவுவது பற்றி யாரும் சொல்லவில்லை. சேறோடு வந்ததும் மெத்தையைக் கழற்றி, பச்சைத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்து, உள்ளே பேப்பர் உருட்டி வைத்து நிழலில் காய வையுங்கள். கூரைத் தகரத்தின்மேல் வெயிலில் போட்டால் பசை விடும், ஃபோமும் இறுகும். பசை விட்டால் எறிந்துவிட வேண்டாம். சந்தையில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுங்கள், ஓரம் சுற்றித் தைத்துத் தருவார். தையல் ஃபோமுக்குள் ஆழமாகப் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

காலில் வெட்டோ உடைந்த கொப்புளமோ இருந்தால் வயல் தண்ணீருக்குள் இறங்கி ஓட வேண்டாம். எலிக்காய்ச்சல் அந்த வழியால்தான் வரும். வயலுக்குப் போகிறவர்களுக்கு மாரியில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள், கேட்டுப் பாருங்கள். சேற்றில் ஓடிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

#20 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

இது எத்தனை நாள் உழைக்கும்?

#21 ஸ்காபரோ அண்ணை (கனடா, முன்பு புதுக்குடியிருப்பு)

பொதுவாக 500 முதல் 800 கி.மீ. என்று சொல்வார்கள். கிரவல் அரம் போட்டு அராவுகிற இடம், கீழ்க்கணக்கையே வையுங்கள். பல் பாதியாகத் தேய்ந்தாலும், அடியைப் பெருவிரலால் அழுத்தும்போது ஃபோம் கட்டியாக இருந்தாலும் மாற்றுகிற நேரம். பழையதை எறியாமல் தாருக்கு வையுங்கள். லக்சம்பேர்க் ஆட்கள் 2015-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், ஒன்றுக்கு மேற்பட்ட சோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர்கள் குறைவாகக் காயப்பட்டார்கள். அடுத்த வருடம் நான் வரும்போது உங்களுடைய அளவைச் செ.மீ.யில் எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.

#22 கிரவல்தம்பி (கிளிநொச்சி)

நீளம் 26.3, அகலம் 10.4. அண்ணை, கறுப்பு நிறம் என்றால் நல்லது. வெள்ளை இங்கே ஒரு கிழமை தாங்காது.

#23 முருங்கன்களி (முருங்கன்)

எனக்கும் ஒன்று சொல்லி விடுகிறேன் அண்ணை. 27.1. பல் ஆழமானதாகப் பாருங்கள்.